கடைக்கு ஆள் சேர்த்த எழுத்து

தலைவலித் தைலம் விற்ற வணிகர் இருவர், அடுத்தடுத்த தலைமுறைகளில், ஆளுக்கொரு பத்திரிகை தொடங்கினார்கள். முதலாமவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கிய அவர், 1908இல் அதே நகரிலிருந்து 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்கு வார இதழை வெளியிட்டார். 1914இல் அது சென்னைக்கு வந்து நாளிதழானது. சென்னை மயிலாப்பூரில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரைத் தாங்கியதுதான். இரண்டாமவர் ஆவ் பூன் ஹாவ். ரங்கூனில் பிறந்த சீனரான அவர், தந்தையின் மருந்துக் கடையிலிருந்து புலி மார்க் தைலத்தை உருவாக்கி வளர்த்தார். 1926இல் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றினார். 1929இல் அங்கே 'சின் சியூ ஜிட் போ' என்ற சீன நாளிதழைத் தொடங்கினார். 1938இல் ஹாங்காங்கில் ஒன்று, 1939இல் பினாங்கில் ஒன்று என அவருடைய பத்திரிகைகள் பெருகின.

இருவருக்கும் பொருந்தும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. பிறர் பத்திரிகையில் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் சொந்தப் பத்திரிகையே நடத்திவிடலாம். அதில் விளம்பரத்துக்கு இடமும் கிடைக்கும், ஊரில் மதிப்பும் கிடைக்கும். ஆனால் தைலத்தின் புகழ் மட்டும் பாடும் தாளை எவரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். ஆகவே செய்தி, அரசியல், இலக்கியம் என்று வாசகருக்கு வேண்டியதைக் கொடுத்து, அதன் ஓரத்தில் தைலப் புட்டியை வைத்தார்கள். ஆந்திர பத்திரிகா தேசிய இயக்கத்தின் குரலாக மாறியது. சின் சியூவின் மலேசியப் பதிப்பு இன்று அந்நாட்டின் முன்னணிச் சீன நாளிதழ். அது தைலக்காரர் குடும்பத்தின் கையை விட்டுப் போய் நெடுங்காலமாகிறது. விற்பனைக்காகப் பிறந்த எழுத்து விற்ற பொருளிலிருந்து பிரிந்து தனியே வாழ்ந்த இந்த நிகழ்ச்சி, வணிகத்துக்காகக் கட்டுரை எழுதும் வழக்கத்தின் வரலாற்றில் அடிக்கடி நடப்பதன்று.

மேற்கிலும் இதே காலத்தில் இவ்வழக்கம் வேர்விட்டிருந்தது. அமெரிக்காவில் கலப்பை விற்ற ஜான் டியர் நிறுவனம் 1895இல் 'தி ஃபர்ரோ' என்ற விவசாய இதழைத் தொடங்கியது. அது இன்றும் வெளிவருகிறது. பிரான்ஸில் டயர் செய்த மிஷெலின் சகோதரர்கள் 1900இல் வாகன ஓட்டிகளுக்கான கையேடு ஒன்றை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அந்நாட்டில் அப்போது இருந்த மோட்டார் வண்டிகள் சில ஆயிரமே. மக்கள் ஊர் சுற்றினால்தான் டயர் தேயும், தேய்ந்தால்தான் விற்கும் என்பதால், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பழுது பார்க்கலாம் என்பதை எழுதினார்கள். உணவகங்களுக்கு அவர்கள் தந்த நட்சத்திரம் பிற்காலத்தில் டயரைவிடப் புகழ் பெற்றது.

மலேசிய மாநிலமான பேராக்கின் வட எல்லையில், தைப்பிங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே, கிரியான் வட்டாரத்து நெல்வயல்களின் நடுவில் இருக்கும் பாகான் செராய்க்கு இத்தகைய எழுத்து வந்து சேர்ந்த வழி வேறு. அதை அறிய அங்கே வாசித்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் ஒரு கரும்பு நாடு. கோலா குலா, கோலா குராவ் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். 1880களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு கத்தோலிக்கக் குரு, பிற்காலத்தில் மலாக்கா ஆயரானவர், பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியமர்த்தி நெல் பயிரிட வைத்தார். மலாயாவில் தமிழர்கள் தோட்டக் கூலியாக இல்லாமல் நிலத்தில் தங்கிப் பயிர் செய்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்ததும் வட்டாரத்தின் பெரும்பகுதி நெல்லுக்கு மாறியது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது; அந்த ஆண்டுகளில் கரும்பும் ஒழிந்தது. மேட்டு நிலங்களில் கித்தா எனப்படும் ரப்பர் வந்தது. மரம் சீவ வந்தவர்கள் கங்காணி முறையில் ஆள்கட்டி அழைத்துவரப்பட்டவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பிறையிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதை பாகான் செராயைத் தொட்டுவிட்டது. பினாங்கில் இறங்கிய கடிதமும் பத்திரிகையும் அந்த ரயிலில் வந்தன.

தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், எழுத்தறிந்தவர் குறைவு. கிராணி எனப்படும் தோட்ட எழுத்தர், தமிழ்ப் பள்ளி ஆசிரியர், கடைக்காரர், கோயில் பொறுப்பாளர் ஆகியோரின் கைக்கே பத்திரிகை முதலில் போகும். ஒருவர் உரக்க வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். அச்சுக்குப் பணம் கொடுத்த வணிகருக்கு இது தோதாகவே இருந்தது: ஒரு பிரதிக்குச் செலவு செய்தால் ஒரு லயமே கேட்டது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த மாத இதழ்களில் பலவற்றின் உயிர்நாடி தபால் வழி வியாபாரம். மருந்து, கைக்கடிகாரம், நாவல், தையல் இயந்திரம் என எல்லாவற்றுக்கும் அவற்றில் விளம்பரம் இருக்கும். மருந்து விளம்பரங்கள் பக்கக்கணக்கில் நீளும். நோயின் வரலாறு, அறிகுறி, பத்தியம், குணமடைந்தவரின் நன்றிக் கடிதம் என்று கட்டுரை போலவே ஓடி, கடைசி வரியில் விலாசத்தைத் தரும். சிகிச்சைக் கட்டுரை எங்கே முடிகிறது, விற்பனை எங்கே தொடங்குகிறது என்று லயத்தில் கேட்டவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தத் தபால் வழி வியாபாரத்திலிருந்து எழுந்தவர்களில் தலையானவர் எஸ். எஸ். வாசன். விளம்பர முகமை நடத்திப் பொருட்களைத் தபாலில் விற்றுவந்த அவர், 1928இல் பூதூர் வைத்தியநாதய்யரிடமிருந்து 'ஆனந்த விகட'னை விலைக்கு வாங்கினார். எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாயாக, எட்டு எழுத்துக்கு இருநூறு ரூபாய் என்று அந்தப் பேரத்தைப் பற்றிச் சொல்வார்கள். விளம்பரம் போட்டு அலுத்த ஒருவர், விளம்பரம் வந்து விழும் இடத்தையே வாங்கிக்கொண்டார் என்று இதைப் பார்க்கலாம். கல்கியின் எழுத்தும் குறுக்கெழுத்துப் போட்டியும் சேர்ந்து இதழைத் தூக்கின. கதையும் நகைச்சுவையும் கூட்டத்தைச் சேர்க்க, பக்கத்துக்குப் பக்கம் சோப்பும் தைலமும் அந்தக் கூட்டத்தைச் சந்தித்தன. ஆவ் பூன் ஹாவின் கணக்கையே எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டது போல இது.

மலாயாவிலேயே அச்சான தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் நீண்ட மரபு உண்டு. 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு நடத்திய 'சிங்கை நேசன்' தொடக்க காலத்தவற்றுள் ஒன்று. தோட்டத் தமிழருக்கு அன்றாடத் துணையாக நின்றவை 1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேச'னும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முர'சும்தான். முரசின் தொடக்க விலை ஒரு காசு. விற்பனையில் வரும் காசு தாளுக்கே போதாது என்பதால், பத்திரிகை நடக்க ஈப்போவிலும் பினாங்கிலும் இருந்த நகைக்கடை, துணிக்கடை, மசாலைத்தூள் வியாபாரிகளின் ஆதரவு வேண்டியிருந்தது. அந்த ஆதரவை ஈர்க்க வாசகர் எண்ணிக்கை பெருக வேண்டும். வாசகர் பெருக எழுத்து வேண்டும்.

இதற்குத் தமிழ் நேசன் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பாடம் சொல்லி, வாசகர்களை எழுத வைத்து, எழுதியவற்றைத் தேர்ந்து வெளியிட்டார்கள். தோட்டத்திலிருந்தும் சிற்றூரிலிருந்தும் எழுதியவர்கள் வாசகர்களாக இருந்து எழுத்தாளர்களானார்கள். தமிழ் முரசு 1952இல் 'மாணவர் மணிமன்றம்' பகுதியைத் திறந்து பிள்ளைகளை இழுத்தது. தன் பெயர் அச்சில் வரும் நாளில் ஒரு வீடு மட்டுமா பத்திரிகை வாங்கும்? உறவும் அக்கம்பக்கமும் வாங்கும். விற்பனைக்கு இவை உதவியிருக்கும். ஆனால் இன்று இவை நினைக்கப்படுவது மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் தொட்டிலாகத்தான்.

சிற்றூர்க் கடைக்காரருக்குப் பத்திரிகை விளம்பரம் எட்டாத செலவு. பாகான் செராய், பாரிட் புந்தார், செமாங்கோல் போன்ற ஊர்களின் மளிகைக் கடைக்கும் நகைக் கடைக்கும் கைகொடுத்தவை வேறு இரண்டு அச்சுகள். ஒன்று கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு விழா மலர், சங்க மலர் ஆகியவை. முன்பகுதியில் தலபுராணமும், சமயக் கட்டுரையும், தோட்டத்தின் வரலாறும் இருக்கும். பின்பகுதி முழுக்க 'வாழ்த்துகளுடன்' என்று கடைப் பெயர்கள். கடைக்காரர் கொடுத்த தொகையில்தான் கட்டுரை அச்சாகும். இன்று மூடப்பட்ட தோட்டம் ஒன்றின் வரலாற்றைத் தேடுவோருக்கு இத்தகைய மலர்கள் அரிய ஆவணம். தோட்ட நிர்வாகத்தின் கணக்கேட்டில் இல்லாத பெயர்களும் நிகழ்ச்சிகளும் இவற்றில் இருக்கும். 1950களிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டபோதும், பின்னர் கித்தா போய்ச் செம்பனை வந்தபோதும், மக்கள் கலைந்தார்கள். மலர் மட்டும் அலமாரியில் தங்கியது.

மற்றொன்று நாட்காட்டி. ஆண்டு பிறப்பதற்கு முன்பே கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கிழிக்கும் நாட்காட்டியில் கடைப் பெயர் அட்டையின் மேல் இருக்கும். கீழே ஒவ்வொரு தாளிலும் ராகுகாலம், எமகண்டம், திதி, நட்சத்திரம், விரத நாள். பள்ளி விடுமுறையும் குதிரைப் பந்தய நாளும் போட்ட 'குதிரை நாட்காட்டி' மலேசியாவில் எல்லா இனத்தார் வீட்டிலும் தொங்கியது. காலையில் தாளைக் கிழிக்கும் கை அந்தக் கடைப் பெயரை ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து முறை பார்க்கும். பயனுள்ள தகவலைக் கொடுத்து, அதன் தலையில் தன் பெயரை எழுதிக்கொள்ளும் உத்தியின் இத்தனை சுருக்கமான வடிவம் வேறு இல்லை. இணையத்தில் கட்டுரை வெளியிட்டு வணிகத் தளத்துக்கு ஆள் சேர்த்தவர்கள் செய்ததும் இதுவேதான்.

மலேசியாவில் இணையம் 1990களின் தொடக்கத்தில் மிமோஸ் ஆய்வு நிறுவனத்தின் 'ஜாரிங்' சேவையாக வந்து, 1996இல் டிஎம்நெட் வந்தபின் பரவலானது. இணையத் தமிழின் வரலாற்றில் மலேசியர்களின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே 'முரசு' தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். ஆப்பிள் கணினிகளில் வரும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் ஆக்கமே. மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய 'தமிழ்.நெட்' வழியே உலகெங்குமுள்ள தமிழர் தமிழிலேயே எழுதிப் பழகினார்கள்.

ஆனால் எழுதியதைத் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றில் 'அ'வுக்கு இருந்த குறியீடு மற்றொன்றில் 'ம'வுக்கு. திரையில் தமிழாகத் தெரிந்தது கணினியின் உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தது. தேடுபொறி படித்தது அந்தக் குவியலைத்தான். 1997 முதல் சிங்கப்பூர், சென்னை, கோலாலம்பூர் என அடுத்தடுத்து நடந்த தமிழ் இணைய மாநாடுகளில் இந்தக் குறியீட்டுச் சிக்கல் ஓயாமல் பேசப்பட்டது. டிஸ்கி, டாப், டாம் என்று தரங்கள் பிறந்தன; 2000க்குப் பிறகு விண்டோஸ் இயங்குதளங்கள் யூனிகோடு தமிழை ஏற்றதும் மெல்ல மெல்ல எல்லாம் யூனிகோடுக்கு நகர்ந்தன. அதுவரை தமிழில் கட்டுரை எழுதிக் கடைக்கு ஆள் வரவழைக்க நினைத்தவர், கதவு எண் இல்லாத தெருவில் கடை வைத்தவர் போலத்தான் இருந்தார்.

ஆங்கிலத்தில் அதே ஆண்டுகளில் இந்த வழக்கம் ஒரு தொழிலாகவே பெருகியிருந்தது. 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட தேடல் முறை, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை வாக்குகளாக எண்ணியது. செல்வாக்குள்ள பக்கத்தின் வாக்குக்கு எடை அதிகம். கூகுள் இந்த முறையில் எழுந்தது. அதன் விளைவாக, இணைப்பு என்பது பண மதிப்புள்ள பொருளாயிற்று. 1999இல் தொடங்கிய 'ஈசீன் ஆர்ட்டிகல்ஸ்' போன்ற கட்டுரைக் களஞ்சியங்கள் இதற்குச் சந்தையாயின. பல் மருத்துவரோ கூரை போடுபவரோ நானூறு, ஐந்நூறு சொல்லில் தம் தொழில் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் களஞ்சியத்தில் போடுவார். கீழே ஒரு சிறு கட்டத்தில் எழுதியவர் அறிமுகமும் அவர் தளத்துக்கு இணைப்பும் இருக்கும். அந்தக் கட்டத்தை நீக்காமல் யாரும் கட்டுரையை எடுத்துத் தம் தளத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒரு கட்டுரை நூறு இடத்தில் வந்தால் நூறு வாக்கு. வாசகர் வந்தால் லாபம். வராவிட்டாலும் வாக்கு கிடைத்தது.

அந்தக் கடைசி வசதியே வழக்கத்தைக் கெடுத்தது. வாசகர் வராவிட்டாலும் பயன் என்றானபின் வாசகருக்காக எழுத வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒரே கட்டுரையில் சொற்களை மட்டும் ஒத்த சொற்களாக மாற்றிப் பத்து, இருபது பிரதி செய்து தரும் மென்பொருள்கள் வந்தன. இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஆங்கிலம் தெரிந்த இளைஞர்கள் கட்டுரைக்குச் சில டாலர் கூலிக்கு, தாங்கள் பார்த்திராத நாட்டின் கூரைகளைப் பற்றியும் அடமானக் கடன்களைப் பற்றியும் எழுதிக் குவித்தார்கள். 2003இல் கூகுள் ஆட்சென்ஸ் வந்ததும் எழுத்தே நேரடியாக விளம்பரக் காசாக மாறியது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கணக்கிட்டு அந்தந்தக் கேள்விக்கு ஒரு கட்டுரையை உற்பத்தி செய்யும் 'டிமாண்ட் மீடியா' போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன. அவை உள்ளடக்கப் பண்ணைகள் எனப்பட்டன.

2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. அதை வடிவமைத்த பொறியாளர் நவ்நீத் பாண்டாவின் பெயரால் 'பாண்டா' என்று அழைக்கப்பட்ட அந்த மாற்றம், அமெரிக்காவில் நடந்த தேடல்களில் ஏறத்தாழ 12 சதவீதத்தின் முடிவுகளைப் பாதித்தது. கட்டுரைக் களஞ்சியங்கள் சரிந்தன. அதே ஆண்டு ஜனவரியில்தான் பங்குச் சந்தைக்கு வந்திருந்த டிமாண்ட் மீடியாவுக்கும் அடி விழுந்தது. 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குவின்' மாற்றம் செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைத் தண்டித்தது. களஞ்சியங்களில் கட்டுரை போட்டே தளத்தை உயர்த்தியவர்கள் இப்போது அந்த இணைப்புகளை நீக்கச் சொல்லி அவற்றிடமே கடிதம் எழுத வேண்டியிருந்தது.

தமிழ் எழுத்து இந்தப் பெருக்கத்திலிருந்தும் சரிவிலிருந்தும் தப்பியது. குறியீட்டுச் சிக்கல் ஒரு காரணம். காசு இல்லாதது பெரிய காரணம். கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத் தமிழில் தேடும் எவரும் அறிவர். பாட்டி வைத்தியம், ராசிபலன், கனவுப் பலன், குழந்தைக்குப் பெயர் என்று ஒரே செய்தியை ஒன்றையொன்று பார்த்து எழுதிய பக்கங்கள் அடுக்கடுக்காக வந்து நிற்கின்றன. கட்டுரை போல ஓடிக் கடைசி வரியில் விலாசம் தந்த பழைய மருந்து விளம்பரத்துக்காவது விற்க ஒரு மருந்து இருந்தது.

கிரியான் வட்டார வணிகருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவருடைய வாடிக்கையாளர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தேடுகிறார். தமிழ் வாடிக்கையாளரும் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார். ஆகவே தமிழர் நடத்தும் கடையின் இணையப் பக்கமும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். எழுத்தால் வெளியாள் வந்த இடங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. கோலா குலாவின் சதுப்புக் காட்டுக்கு வலசை வரும் பறவைகளைப் பற்றிப் பறவை ஆர்வலர்கள் எழுதிய குறிப்புகளும் படங்களும் அயல்நாட்டவரை அந்த மீனவக் கிராமத்துக்கு அழைத்துவந்தன. புக்கிட் மேரா ஏரிக்குப் போய்வந்தவர்கள் எழுதிய பயணக் குறிப்புகளும் அப்படியே. எழுதியவர்கள் கடைக்காரர்கள் அல்லர். படகுக்காரரும் உணவுக் கடைக்காரரும் பயன் பெற்றார்கள்.

2020 மார்ச் 18 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சிறு வணிகர் பலரும் ஒரே நேரத்தில் இணையத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட பென்ஜானா மீட்புத் திட்டத்தில், சிறு தொழில்களை மின்வணிகத்துக்குக் கொண்டுவர அரசு தனியாக நிதி ஒதுக்கியது. ஆனால் ஒட்டுக்கடைக்காரரும் பலகாரம் செய்து விற்கும் பெண்களும் சொந்தத் தளம் கட்டிக் கட்டுரை எழுதவில்லை. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியே படமும் விலையும் போட்டார்கள். கூகுள் வரைபடத்தில் கடையைக் குறித்தார்கள். அங்கே சாப்பிட்டவர் எழுதும் நான்கு வரி மதிப்புரை, முன்பு கட்டுரை செய்த வேலையைச் செய்கிறது. அச்சுப் பத்திரிகை என்ற பழைய வழியும் சுருங்கியிருந்தது: தமிழ் நேசன் அதற்கு முன்பே, 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. முத்து நெடுமாறன் பங்கேற்று 2012இல் தொடங்கிய 'செல்லியல்' போன்ற இணைய இதழ்கள் வாசகரின் கைப்பேசிக்கு வந்திருந்தன.

2024 மே மாதம் கூகுள் தன் தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கத்தை அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பிற நாடுகளுக்கும் அது விரைவில் பரவியது. பல தளங்களின் கட்டுரைகளை வாசித்து அது விடையைத் தானே சொல்லிவிடுகிறது. கட்டுரையை எழுதி வெளியிட்ட வணிகரின் பெயர் அந்த விடையின் ஓரத்தில் ஒரு சிறு இணைப்பாக வருகிறது. அதைச் சொடுக்காமலே கேள்வி கேட்டவரின் வேலை முடிந்துவிடுகிறது.